நிலாவில் பஞ்சர் ஒட்ட ஆளில்லை

2023 ஆகஸ்ட் 23. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு ஹாலில் டியூஷன் பிள்ளைகள் பதினோரு பேர் டிவி முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் பாடம் எடுக்கவில்லை. மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு சந்திரயான்-3-இன் விக்ரம் லேண்டர் நிலாவில் இறங்கியது. கைதட்டல், கூச்சல், தெருவில் யாரோ கொளுத்திய சரவெடி. எல்லாம் அடங்கிய பிறகு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், அந்த வண்டி அங்க போய்ப் பஞ்சர் ஆயிட்டா யாரு ஒட்டுவாங்க?"

அவள் அப்பா மாரத்தஹள்ளியில் டூவீலர் மெக்கானிக். ரிங் ரோட்டில் வண்டி நின்றுவிட்டது என்று போன் வந்தால் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். அவளுக்கு அந்தக் கேள்வி முதலில் தோன்றியதில் ஆச்சரியமில்லை. "அந்தச் சக்கரத்துல டயரே கிடையாதும்மா, முழுக்க உலோகம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி படுத்தபின்தான் உறைத்தது, அவள் டயரைப் பற்றிக் கேட்கவில்லை என்று. பழுதானால் யார் போவார்கள் என்று கேட்டிருக்கிறாள். யாராலும் போக முடியாது. ஒரு ரோபோ விண்கலத்தை நிலாவுக்கு அனுப்பும் முன் ஆண்டுக்கணக்கில் இங்கேயே போட்டுக் குலுக்கி, வேகவைத்து, உறையவைத்து, மண்ணில் உருட்டிப் பார்ப்பது அதனால்தான். அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நிலாவைச் சுற்றிவரும் கலம் ஆர்பிட்டர். தரையில் இறங்குவது லேண்டர். இறங்கியபின் உருண்டு போவது ரோவர். 2008-இல் போன சந்திரயான்-1 சுற்றிவந்த கலம்; அதிலிருந்து ஒரு சிறு பெட்டியை நிலாமேல் மோதவும் விட்டார்கள். சந்திரயான்-3-இல் லேண்டரின் பெயர் விக்ரம், ரோவரின் பெயர் பிரக்யான். ரோவரையும் சேர்த்து லேண்டரின் எடை 1,752 கிலோ, ரோவர் மட்டும் 26 கிலோ. ஆள் யாரும் ஏறிப் போகாததால் இவற்றை ரோபோ விண்கலங்கள் என்கிறோம்.

நிலா நம் ஊர் மாதிரி இல்லை. காற்று கிடையாது. ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. பகல் நமக்குப் பதினான்கு நாள், இரவும் பதினான்கு நாள். நிலநடுக்கோட்டுப் பக்கம் நடுப்பகலில் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும், இரவில் மைனஸ் 130 வரை இறங்கும். தரை முழுக்க மாவு போன்ற தூசி. இத்தனையையும் ஒரே இடத்தில் காட்டும் சோதனைக் கூடம் உலகத்தில் எங்கும் இல்லை. காற்றைப் பிடுங்கலாம், ஆனால் அந்த அறைக்குள் ஈர்ப்பைக் குறைக்க முடியாது. மண்ணைப் பரப்பலாம், ஆனால் அந்தக் கூடத்தில் எஞ்சினை முழு வேகத்தில் எரிக்க முடியாது. அதனால் பொறியாளர்கள் நிலாவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வோர் இடத்தில் செய்துவைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறது. பழைய ஏர்போர்ட் ரோட்டில் யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையம். மாரத்தஹள்ளிப் பக்கம் அதன் இன்னொரு வளாகமான ஐசைட். பீன்யாவில் கட்டுப்பாட்டு மையம். கொஞ்சம் தள்ளி பயலாலு கிராமத்தில் 32 மீட்டர் அகலமுள்ள ஆன்டெனா. நாம் டிராஃபிக்கில் நின்று திட்டிக்கொண்டிருக்கும் அதே சாலைகளுக்குப் பக்கத்தில்தான் இதெல்லாம் நடக்கிறது.

கலத்தைப் பூட்டுவது சுத்த அறையில். வெள்ளை அங்கி, தலைமூடி, முகமூடி, கையுறை. பலர் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள், அதிலிருந்து ஒரு வயர் எர்த்துக்குப் போகும். நைலான் புடவை குளிர்காலத்தில் காலோடு ஒட்டுகிறதே, அந்த நிலைமின்சாரம் ஒரு சிறு பொறியாகப் பாய்ந்தால் மின்னணுச் சில்லு கெட்டுவிடும். உடனே கெட்டால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். பாதி கெட்டு, நிலாவுக்குப் போனபின் முழுதாகக் கெடுவதுதான் பயம்.

பூட்டியபின் முதல் கண்டம் ராக்கெட்தான். நிலாவைப் பார்க்கும் முன் அந்தப் பதினாறு நிமிடப் பயணத்தைத் தாங்க வேண்டும். அதற்காகக் கலத்தை ஓர் அதிர்வு மேடையில் பொருத்தி மூன்று திசையிலும் உலுக்குகிறார்கள். அப்புறம் ஒலி அறை. ராக்கெட் கிளம்பும்போது எழும் சத்தமே மெல்லிய சோலார் தகடுகளை உடைக்கப் போதுமானது, அந்தச் சத்தத்தை அறைக்குள் எழுப்பிக் கலத்தை நடுவில் வைக்கிறார்கள். உலுக்குவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எல்லாக் கருவியையும் இயக்கிப் பார்ப்பார்கள். சந்திரயான்-3 இந்தச் சோதனைகளை 2023 மார்ச்சில் முடித்தது.

சூடும் குளிரும் இதைவிட நுணுக்கமான சங்கதி. பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு டம்ளர் டீயும் ஒரு ஃபிளாஸ்க் டீயும் வைப்பேன். டம்ளர் டீ பத்து நிமிடத்தில் ஆறிவிடும். ஃபிளாஸ்க் டீ மாலைவரை சூடாக இருக்கும், ஏனென்றால் அதன் இரண்டு சுவர்களுக்கு நடுவில் காற்று இல்லை. வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போக ஆளில்லை. விண்வெளி முழுவதும் அப்படி ஒரு பெரிய ஃபிளாஸ்க்தான். கம்ப்யூட்டர் சூடானால் உள்ளே ஃபேன் ஓடுகிறது, விண்கலத்தில் ஃபேன் ஓடிப் பயனில்லை. வெப்பம் கலத்தின் உடம்பு வழியாகக் கடத்தப்பட்டு, வெளித்தகடு ஒன்றிலிருந்து கதிராகத்தான் வெளியேற முடியும். எந்தப் பெட்டியை எந்தப் பக்கம் வைப்பது, எங்கே வெள்ளைப் பெயின்ட், எங்கே ஹீட்டர் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் முடிவாகிறது. படங்களில் கலத்தைச் சுற்றித் தங்கத்தாள் மாதிரி மின்னுவதும் இதற்கான போர்வைதான். அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்களைப் பல அடுக்காக, நடுவில் வலைத்துணி வைத்துத் தைத்தது. பொன்னிறம் அந்தப் பிளாஸ்டிக்கின் சொந்த நிறம்.

இந்தக் கணக்கு சரிதானா என்று பார்ப்பதற்குத்தான் தெர்மோவேக் அறை. ஒரு வீட்டையே உள்ளே வைக்கலாம் போன்ற எஃகு உருளை. கலத்தை உள்ளே வைத்துக் கதவை மூடி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சுவர்களில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனை ஓடவிடுகிறார்கள். ஒரு பக்கம் சூடேற்றுகிறார்கள். நாட்கணக்கில் கலம் வெந்தும் உறைந்தும் இயங்க வேண்டும். பசை, வயர் உறை, பெயின்ட் இவற்றிலிருந்து வெற்றிடத்தில் ஆவி கசியும், அது கேமரா லென்ஸில் படிந்தால் பார்வை போச்சு. அதையும் இந்த அறையில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் நிலா புதிதாக ஏதாவது சொல்லிக் கொடுக்கும். பொள்ளாச்சி பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, நிலாவிலிருந்து 100 கி.மீ. உயரத்தில் சுற்றியது. சூரியன் மேலேயிருந்து காய்ச்ச, வெயிலில் காய்ந்த நிலா கீழேயிருந்து தோசைக்கல் மாதிரி அனல் அடித்தது. 2008 நவம்பரிலேயே கலத்தின் வெப்பம் எதிர்பார்த்ததைத் தாண்டி ஏறிவிட்டது. கலத்தைச் சற்றுத் திருப்பி வைத்து, சில கருவிகளை மாற்றி மாற்றி அணைத்துச் சமாளித்தார்கள். 2009 ஆகஸ்டில் தொடர்பு அறுந்தது. அதற்குள் அது தன் வேலையில் பெரும்பங்கை முடித்திருந்தது, நிலாவில் நீர் மூலக்கூறு இருப்பதைக் காட்டியது உட்பட.

சரி, மண்ணுக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எங்கள் தெருவில் எப்போதும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கும். ஒருநாள் பிள்ளைகளை அனுப்பி ஒரு கைப்பிடி எம்-சாண்ட் வாங்கிவரச் சொன்னேன். இன்னொரு தட்டில் பூந்தொட்டியிலிருந்து எடுத்த பழைய ஆற்றுமணல். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆற்றுமணல் சப்பிய கற்கண்டு மாதிரி மழுங்கி இருக்கும், தண்ணீர் காலமெல்லாம் உருட்டிய மணல் அது. கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்டில் ஒவ்வொரு துகளுக்கும் முனை இருக்கும், ஓரம் இருக்கும். நிலாத்தூசி இந்த இரண்டாவது ஜாதி, ஆனால் மாவு போலப் பொடியானது. அங்கே உருட்ட ஆறில்லை, காற்றில்லை. விண்கற்கள் மோதி மோதி உடைத்ததோடு சரி. அந்தத் தூசி துணியை அறுக்கும், மூட்டுகளுக்குள் புகும், நிலைமின்சாரத்தால் எதிலும் ஒட்டும். நிலாவில் நடந்துவிட்டு வந்த அப்பல்லோ வீரர்களின் உடைகளில் அப்பிய கறுப்பு இதுதான்.

அதனால் சக்கரத்தையும் கால்களையும் சோதிக்க ஆற்றுமணல் உதவாது. வெளிநாட்டிலிருந்து மாதிரி மண் வாங்கலாம், ஆனால் தேவை டன் கணக்கில், விலையும் அதிகம். நம் மண்ணியலாளர்கள் தேடியபோது நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டியும் குன்னமலையும் கண்ணில் பட்டன. அங்கே தரைமேலேயே கிடக்கும் வெளிர் நிறப் பாறையின் பெயர் அனார்த்தசைட். நிலாவைப் பார்க்கும்போது வெளுப்பாகத் தெரியும் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தசைட்டால் ஆனவை. சந்திரயான்-2-க்காகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக மண்ணியல் துறையின் உதவியோடு இந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்து, உடைத்து, நிலாத்தூசியின் துகள் அளவுக்கு அரைத்துச் சுமார் 50 டன் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. அந்த மாதிரி மண்ணைச் செய்யும் முறைக்கு இஸ்ரோ 2020-இல் காப்புரிமையும் பெற்றது. ஆடுமாடு மேய்கிற காட்டில், போகிறவர் வருகிறவர் மிதித்த கல், நிலாவுக்குப் போகும் சக்கரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இதை நாமக்கல் பள்ளிக்கூடங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

மண் வந்தாயிற்று, ஈர்ப்பு? 26 கிலோ ரோவர் நிலாவில் நாலரைக் கிலோவுக்கும் குறைவாகத்தான் அழுத்தும். பூமியில் அப்படியே மண்ணில் விட்டால் ஆறு மடங்கு அழுத்தத்தில் சக்கரம் புதையும், பார்த்ததெல்லாம் தப்பாகிவிடும். சந்திரயான்-2 காலத்தில் ரோவரை ஹீலியம் பலூனில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். மிச்ச எடையை பலூன் தூக்கிக்கொள்ள, நிலாவில் அழுத்தும் அளவு மட்டும் சக்கரத்துக்கு வரும். திருவிழாவில் குழந்தை கையில் பிடித்துப் போகும் பலூனின் வேலைதான், அளவு பெரியது.

ரோவருக்கு ஆறு சக்கரம், ஸ்பிரிங் கிடையாது. கைகள் போன்ற இணைப்புகள் ஒன்றோடொன்று அச்சில் ஆடும்படி கோத்திருப்பதால், ஒரு சக்கரம் கல்மேல் ஏறினாலும் மற்றவை தரையை விடாது. வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். நம் வீட்டு அறையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கடக்க ஐந்து நிமிடம் ஆகும். இந்தப் பொறுமை நல்லது. 2023 ஆகஸ்ட் 27 அன்று பிரக்யானுக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தெரிந்தது. வந்த வழியே திரும்பச் சொல்லிக் கட்டளை போனது, திரும்பி வேறு பாதை பிடித்தது.

அதற்கும் முன்னால் பத்திரமாக இறங்க வேண்டுமே. இங்கேதான் பல நாடுகளின் கலங்கள் நொறுங்கியிருக்கின்றன. காற்று இல்லாததால் பாராசூட் விரியாது. எஞ்சினை எரித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். விக்ரம் இறங்கத் தொடங்கியபோது 30 கி.மீ. உயரத்தில் நொடிக்குச் சுமார் 1.68 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்துகொண்டிருந்தது. நிலா இருப்பது சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில். அங்கே நடப்பதைப் பார்த்து நாம் பதில் அனுப்பினால், ரேடியோ அலை போய்வரவே இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் கலம் நாலு கி.மீ. தாண்டியிருக்கும். பீன்யாவில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்க முடியாது. அந்தக் கடைசி 19 நிமிடத்தில் முடிவெடுப்பது முழுக்கக் கலம்தான்.

அதற்குக் கண் வேண்டும், மூளை வேண்டும். லேசர் அனுப்பி உயரம் அளக்கும் கருவி, ரேடியோ அலையால் அளக்கும் இன்னொன்று, வேகம் அளக்கும் லேசர், கீழே பாறையும் பள்ளமும் பார்க்கும் கேமரா. இவற்றைப் பழக்கச் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரே பக்கம் வெட்டவெளியில் செயற்கைப் பள்ளங்களைத் தோண்டினார்கள். சந்திரயான்-2-க்காகக் கருவிகளை ஒரு சிறு விமானத்தில் ஏற்றி அந்தப் பள்ளங்களுக்கு மேலே பறந்தார்கள். சந்திரயான்-3-க்கு ஹெலிகாப்டரில் கட்டியும் சோதித்தார்கள், உயரமான கிரேனில் தொங்கவிட்டு எஞ்சினை எரித்தும் பார்த்தார்கள். கால்களைத் தனியே மாதிரி மண்ணில் மோதவிட்டார்கள். நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் கால் ஒடியக்கூடாது என்பது கணக்கு. அது நாம் ஒரு முக்காலிமேலிருந்து குதிக்கும் வேகம். கேட்க எளிதாக இருக்கும், 1,752 கிலோ பெட்டியில் எரிபொருள் தீர்ந்ததுபோக மிஞ்சும் எடையெல்லாம் நாலு காலில் இறங்குகிறது என்று நினைத்துப் பார்க்கும்வரை.

2019-இல் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2-இன் லேண்டர் தரையை நெருங்கும்போது தொடர்பு அறுந்து விழுந்தது. கூடவே போன ஆர்பிட்டர் நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த நாகர்கோவில்காரர் சிவன் கண்கலங்கியதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். பிறகு தலைவரான சோமநாத் 2023-இல் காரணங்களை விளக்கினார். ஐந்து எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்தன. அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போனது. அதைச் சரிசெய்ய வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் இவ்வளவுதான் திரும்பலாம் என்று மென்பொருளிலேயே வரம்பு இருந்தது. இறங்கவேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர், அதை எட்டிப் பிடிக்கக் கலம் மேலும் வேகம் எடுத்தது.

அடுத்த முறைக்கு அணுகுமுறையையே மாற்றினார்கள். எல்லாம் சரியாக நடந்தால் எப்படி வெற்றி பெறும் என்று பார்ப்பதை விட்டு, எதெல்லாம் கெடலாம், கெட்டாலும் எப்படி இறங்கும் என்று வடிவமைத்தார்கள். ஒரு சென்சார் செத்தால்? எஞ்சின் கூடக்குறைய எரிந்தால்? கணக்கு பிசகினால்? ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் வேண்டுமென்றே கெடுத்து, இறக்கத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். நடு எஞ்சினை எடுத்துவிட்டு நாலோடு நிறுத்தினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள், கால்களைப் பலப்படுத்தினார்கள், சோலார் தகடுகளைப் பெரிதாக்கினார்கள். இறங்கும் இடத்தை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆக விரித்தார்கள். திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். இது மெக்கானிக் புத்திதான். வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுப்பவர் உண்டு, மழையில் நனைந்தால் எங்கே நிற்கும் என்று யோசித்து ஒயரைச் சுற்றிக் கொடுப்பவர் உண்டு. அந்தப் பெண்ணின் அப்பா இரண்டாவது ரகம், அவளுக்கும் அந்தக் கேள்வி அங்கிருந்துதான் வந்திருக்கும்.

இறங்கியபின் விக்ரம் செய்த இரண்டு காரியங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று, மண்ணுக்குள் ஒரு வெப்பமானியைக் குத்தியது. மேற்பரப்பில் 50 டிகிரிக்கும் மேல், வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10. அந்தத் தூசி எவ்வளவு நல்ல போர்வை என்று அது காட்டியது. இரண்டு, செப்டம்பர் 3 அன்று கருவிகளை மடக்கிக்கொண்டு, எஞ்சினைத் திரும்ப எரித்து சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி, கொஞ்சம் தள்ளி மறுபடி இறங்கியது. அப்புறம் மடக்கிய கருவிகளைத் திரும்ப விரித்து வேலையைத் தொடர்ந்தது. நிலாவிலிருந்து மண்ணெடுத்துத் திரும்பிவரும் கலம் ஒன்று அங்கே மறுபடி எஞ்சினை எரித்துக் கிளம்ப வேண்டுமே, அதற்கான முதல் ஒத்திகை அந்தக் குட்டித் தாவல். மண் கொண்டுவரும் திட்டமான சந்திரயான்-4-க்கு 2024 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது.

பிறகு இரவு வந்தது. விக்ரமும் பிரக்யானும் சூரிய ஒளியில் இயங்குபவை, ஒரு நிலாப் பகலுக்காகவே செய்யப்பட்டவை. ரிசீவரை மட்டும் விழித்திருக்க வைத்து, விடியலைப் பார்த்தபடி தூங்க வைத்தார்கள். செப்டம்பர் 22-இல் அங்கே வெளிச்சம் வந்தபின் பயலாலு ஆன்டெனா கூப்பிட்டுப் பார்த்தது, பதில் வரவில்லை. பதினான்கு நாள் உறைபனியைத் தாங்கி எழும் பேட்டரியும் மின்னணுவும் தனி வித்தை. சீனாவின் சாங்'ஒ-4 கலம் கதிரியக்கப் பொருளின் வெப்பத்தால் தன்னைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு பல இரவுகளைக் கடந்தது. ஜப்பானோடு சேர்ந்து ரோவரை அனுப்பும் சந்திரயான்-5-க்கு 2025-இல் அனுமதி கிடைத்திருக்கிறது. அதைத் தயார் செய்கிறவர்களுக்கு இந்த இரவு பெரிய பாடமாக இருக்கும்.

போன மாதம் இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ ராத்திரியில பேட்டரிய எதுல சுத்தி வைப்பாங்க மிஸ்?" என்றாள். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தோம்.